பச்சையில் ஒரு பளபளப்பு

"எத்தனை தடவைதான் பாக்கறது?" என்று கேட்டார் தேவசகாயம்.

"ஒரு தடவை போதும்" என்றார் மெகருன்னிஸா. "நீங்க இன்னும் அந்த ஒரு தடவை பாக்கல."

விமானத்தின் வயிற்றுப் பக்கத்துக் கதவிலிருந்து அப்போதுதான் தேவசகாயம் இறங்கியிருந்தார். முழங்கை வரை அழுக்கு. மூக்கு நுனியிலும் தூசி.

"காலையில இருந்து உள்ளதான் கிடந்தேன் மேடம்."

"கிடந்தீங்க. தெரியுது."

தேவசகாயம் வாழ்நாளில் பாதிக்கு மேல் இன்ஜின் பார்த்தவர். இன்ஜின் சத்தம் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. இனி இன்ஜின் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, வயர் பிரிவில் கொண்டுவந்து விட்டார்கள்.

வயர் பிரிவுக்கு மெகருன்னிஸா தலைவர். நாகூர்க்காரர். வயதில் தேவசகாயத்தைவிட ரொம்பச் சின்னவர். அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் வந்த நாளிலிருந்து ஒரு டார்ச்சைத் தவிர வேறு எதையும் அவர் கையில் கொடுக்கவில்லை.

இன்ஜின் பிரிவு ஆட்களுக்கு அது நல்ல வேடிக்கை.

"என்ன ஓய், இன்ஜின் டாக்டர் நரம்பு வைத்தியர்கிட்ட கம்பவுண்டரா சேந்துட்டீராமே?" என்று ஒருவர் அன்று காலையில்தான் கேட்டிருந்தார்.

"காது கேக்கல. நாளைக்கு வாரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார் தேவசகாயம்.

அன்றைய விமானம் பெரியது. இரண்டு நடைபாதை உள்ளது. சாயங்காலம் ஆட்களை ஏற்றிக்கொண்டு கடல் தாண்டிப் போக வேண்டும்.

அதில் ஒரு வாசனை இருந்தது.

விமானம் மேலே ஏறும்போது வரும். இஸ்திரிப் பெட்டியை வேட்டிமேல் மறந்து வைத்தது போலக் கருகல் வாசனை. ஒரு கணம்தான். அடுத்த கணம் இருக்காது.

முதல் தடவை விமானி எழுதிக் கொடுத்ததும் ஒருவர் போய்ப் பார்த்தார். ஒன்றும் இல்லை. வாசனையும் நின்றது. சில நாள் கழித்துத் திரும்ப வந்தது. இன்னொருவர் போய்ப் பார்த்தார். ஒன்றும் இல்லை. வாசனை நின்றது.

இப்போது மூன்றாம் தடவை வந்திருக்கிறது.

உணவு சூடாக்கும் அடுப்புகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் வயர்கள் தரைக்குக் கீழே, கிளாம்பு என்ற பிடி வளையங்களுக்குள், கை மொத்தத்துக்குக் கட்டுக் கட்டாக ஓடுகின்றன. அதில் எங்கோ ஒரு வயர் பொறி விடுகிறது. சுற்றிலும் பஞ்சு போலத் தூசி. தரையில் என்றால் இறங்கி ஓடலாம். வானத்தில் எங்கே இறங்குவது?

"என்னதான் செஞ்சீங்க உள்ள?" என்று கேட்டார் மெகருன்னிஸா.

"பாத்தேன்."

"எப்படி?"

"வயரைத் தொட்டுப் பாத்தேன். மோந்து பாத்தேன். கிளாம்பைத் தட்டிப் பாத்தேன். கட்டைப் பிடிச்சு லேசா இழுத்துப் பாத்தேன்."

"அதெல்லாம் சரி. எப்பப் பாத்தீங்க?"

தேவசகாயம் கையைச் சட்டையில் துடைத்தார்.

"தொட்டீங்க. மோந்தீங்க. தட்டினீங்க. இழுத்தீங்க. நான் அனுப்பினது இதுல எதுக்கும் இல்லண்ணே."

"நம்ம ஊர்ல யாரு மேடம் வெறுங்கண்ணால பாக்கறா? தக்காளிய அமுக்கிப் பாக்கறோம். தேங்காயைத் தட்டிப் பாக்கறோம். கையைக் கட்டிட்டு நின்னா கடைக்காரன் அழுகினதையெல்லாம் நம்ம பையில போட்டு அனுப்பிடுவான்."

"தேங்காயைத் தட்டினா அது பதில் சொல்லும்."

மெகருன்னிஸா சட்டைப் பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு வயர்த் துண்டை எடுத்தார். எப்போதோ கழற்றிப் போட்ட பழைய வயர். மேலுறை பழுப்பேறி இருந்தது. அதைத் தேவசகாயத்தின் காதருகே கொண்டுபோய் மெதுவாக வளைத்தார்.

"ஏதாவது கேட்டுச்சா?"

"எனக்குத்தான் கேக்காதே."

"எனக்கும் கேக்கல" என்றார் மெகருன்னிஸா.

துண்டைத் திருப்பிக் காட்டினார். வளைத்த இடத்தில் மேலுறை மயிரிழையாக விரிந்திருந்தது. விரிசலுக்குள் செம்பு மின்னியது.

தேவசகாயம் அந்தத் துண்டைப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"வாங்க" என்றார் மெகருன்னிஸா. "கை ரெண்டையும் முதுகுப் பக்கம் பெல்ட்டுக்குள்ள சொருகிக்குங்க."

"கைதி மாதிரியா?"

"ஆமா. டார்ச்சை நான் பிடிச்சுக்கறேன்."

மின்சாரத்தை மறுபடி நிறுத்தச் சொல்லிவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். நிமிர்ந்து உட்கார முடியாத இடம். தேவசகாயம் கையில்லாமல் நெஞ்சால் நகர்ந்தார். மெகருன்னிஸா பக்கத்தில் ஒடுங்கிப் படுத்தார்.

"என்ன தெரியுது?"

"தூசி."

"அப்புறம்?"

"இன்னும் தூசி. கொஞ்சம் ஊதிவிடட்டுமா மேடம்?"

"ஊதாதீங்க. அது நமக்காகத்தான் உக்காந்திருக்கு."

மெகருன்னிஸா டார்ச்சை நேராகப் பிடிக்கவில்லை. தரையோடு தரையாகச் சாய்த்தார். வெளிச்சம் வயர்க் கட்டுகளின்மேல் உரசிக்கொண்டு போனது. அதுவரை தட்டையாக இருந்த எல்லாமே எழுந்து நின்றது. ஒவ்வொரு கிளாம்புக்கும் ஒரு நிழல். ஒவ்வொரு தூசிக்கும் ஒரு நிழல்.

தேவசகாயம் சுற்றிலும் பார்த்தார். இதே இடத்தில் காலை முழுவதும் கிடந்திருக்கிறார். இப்போதுதான் வந்தது போல் இருந்தது.

பயணிகளின் கம்பளியும் துணியும் உதிர்த்த சாம்பல் நிறத் தூசி எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது. அதன் அடியில் விமானத்தின் உட்சட்டம். சட்டம் முழுக்கப் பச்சைப் பூச்சு. பச்சை, தூசி. பச்சை, தூசி.

"நிறுத்துங்க" என்றார் தேவசகாயம்.

டார்ச் நின்றது.

"கொஞ்சம் பின்னால. இன்னும் கொஞ்சம். அங்க."

"எங்க?"

அவருடைய தோள் துடித்தது. கை பெல்ட்டுக்குள்ளிருந்து பாதி வந்துவிட்டது.

"கை வேண்டாம்ணே. வாயால சொல்லுங்க."

"வலது பக்கம். ரெண்டு கிளாம்புக்கு நடுவுல. கட்டுக்குக் கீழ ஒரு தகடு நிக்குது. அதோட விளிம்புல நகக்கண் அளவு இடம். அங்க தூசியும் இல்ல, பச்சையும் இல்ல. வெள்ளிக் கொலுசு மாதிரி பளபளன்னு இருக்கு."

மெகருன்னிஸா கழுத்தை நீட்டினார். அவருக்கும் தெரிந்தது.

"அழுக்கான இடத்தைத் தேடிட்டு இருந்தேன்" என்றார் தேவசகாயம். "இது சுத்தமா இருக்கு மேடம். எதுவோ இங்க தேச்சிட்டே இருந்திருக்கு."

"எது?"

"மேல போற அந்தக் கட்டுதான். வேற எது?" என்றவர் நிறுத்தினார். "ஆனா கட்டு ரெண்டு விரல் தள்ளியில்ல இருக்கு. தொடவே இல்லையே."

"இப்பத் தொடல."

"ஆமா."

"காலையில நீங்க கை வைக்கறதுக்கு முன்னால எங்க இருந்துச்சு?"

"தெரியல மேடம்" என்றார் தேவசகாயம்.

"எனக்கும் தெரியாது" என்றார் மெகருன்னிஸா.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். ஷிஃப்ட் மேனேஜர் ரகோத்தமன். தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"என்ன மேடம், ரெண்டு பேரும் உள்ளேயே குடித்தனம் வெச்சாச்சா? சாப்பாடு ஏத்தற வண்டி வந்து நிக்கறது. கையெழுத்தைப் போட்டா நான் நகர்வேன்."

"ஒரு இடம் தெரியுது சார்" என்றார் மெகருன்னிஸா.

ரகோத்தமன் தவழ்ந்து வந்தார். காட்டிய இடத்தைப் பார்த்தார். கட்டையும் பார்த்தார். வயரில் அவர் கண்ணுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"தகடு கொஞ்சம் பளபளங்கறது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் சார்."

"இதுக்காக இவ்வளவு பெரிய ஃப்ளைட்டை நிறுத்தச் சொல்றேளா? கட்டைக் கழட்டினா இன்னிக்குப் போகாது. ஏற்கெனவே ரெண்டு பேர் பாத்தாச்சு. அவா பாத்த உடனே வாசனை நின்னுது. இவரும் காலம்பற பாத்தாச்சு. இப்பவும் நின்னிருக்கும். அடுத்த தடவை வந்தா நிதானமாப் பாக்கலாம்."

"கையெழுத்து என்னோடது சார். கண்ணு அண்ணனோடது" என்றார் மெகருன்னிஸா. "அவரைக் கேளுங்க."

ரகோத்தமன் தேவசகாயத்தின் பக்கம் திரும்பினார். பெல்ட்டில் சொருகிய கைகளைப் பார்த்தார். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"சொல்லும். டார்ச்சைக்கூடக் காணோம் உம்ம கையில. நீர் ஃப்ளைட்டை நிறுத்தப் போறீரா?"

இன்ஜின் பிரிவில் இருந்தவரை தேவசகாயத்தின் கை சொல்லாத எதையும் அவர் வாய் சொன்னதில்லை. கை வைத்தால் எந்தப் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று தெரியும். கை வைத்தால் எந்தத் தகடு அதிர்கிறது என்று தெரியும். இன்று கை ஒன்றும் சொல்லவில்லை. நகக்கண் அளவு வெளிச்சம் மட்டும் இருந்தது.

மேலே, அவர் தலைக்கு நேராக, பணிப்பெண்கள் இருக்கைகளைச் சரிசெய்துகொண்டு நடக்கும் அதிர்வு தெரிந்தது.

"நிக்கட்டும் சார்" என்றார்.

"என்ன?"

"ஃப்ளைட் நிக்கட்டும். கட்டைக் கழட்டணும்."

"ஒண்ணும் இல்லேன்னா?"

"ஒண்ணும் இல்லேன்னா என்னை ஸ்டோருக்கு அனுப்பிடுங்க. அங்க பெயிண்ட் டப்பாவைத் தட்டிப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்."

ரகோத்தமன் மெகருன்னிஸாவைப் பார்த்தார். மெகருன்னிஸா ஏற்கெனவே கையுறையைப் போட்டுக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு வண்டி திரும்பிப் போனது. மேலே நடந்த கால்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ரகோத்தமன் போனை எடுத்து யார் யாரிடமோ மன்னிப்புக் கேட்டார். ஆனால் அந்த இடத்தைவிட்டுப் போகவில்லை.

மெகருன்னிஸா அந்தப் பக்கத்துக் கிளாம்பை முதலில் திறந்தார். பிறகு இந்தப் பக்கத்துக் கிளாம்பை. அதனுள்ளே மெத்தையாக இருக்க வேண்டிய ரப்பர் தேய்ந்து காகிதம் போல் இருந்தது. கட்டு சில நாளில் தன் எடையில் தானே இறங்கித் தகட்டைத் தொட அவ்வளவு போதும்.

அவர் எதையும் இழுக்கவில்லை. தூங்கும் குழந்தையைத் தூளியில் விடுவது போலக் கட்டை இரு கையாலும் தாங்கிக் கீழே விட்டார். அடிப்பக்கம் தெரியும்படி அதன் கீழே ஒரு சிறு கண்ணாடியை வைத்தார்.

"டார்ச்" என்றார்.

தேவசகாயம் பெல்ட்டிலிருந்து கையை எடுத்தார். டார்ச்சை வாங்கினார். சாய்த்துப் பிடித்தார்.

கண்ணாடிக்குள் வயர்கள் வரிசையாகத் தெரிந்தன. பழுப்பு, பழுப்பு, பழுப்பு. நடுவில் ஒன்றில் எள்ளளவு கறுப்பு. கறுப்புக்கு உள்ளே ஒரு பள்ளம். பள்ளத்துக்கு உள்ளே செம்பு, உருகி உருண்டையாகி இருந்தது.

அதற்கு நேர் கீழே இருந்த தூசி சாம்பல் நிறமாக இல்லை. அப்பளம் சிவந்தது போல் சிவந்திருந்தது.

தேவசகாயத்தின் நெஞ்சு அடிப்பது அவருக்கே கேட்டது. வெகு காலத்துக்குப் பிறகு அவர் காதில் தெளிவாக விழுந்த சத்தம் அது.

"இது தீப்பிடிச்சிருந்தா..." என்று ஆரம்பித்த ரகோத்தமன் முடிக்கவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

மெகருன்னிஸா கட்டைத் தாங்கியபடியே இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து ரகோத்தமன் கேட்டார். இந்தத் தடவை அவர் கேட்டது தேவசகாயத்தைத்தான்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல சார். இது இத்தனை நாளா இங்கதான் இருந்திருக்கு. அப்புறம் ஏன் ஒவ்வொரு தடவையும் நம்ம ஆள் பாத்ததும் வாசனை நின்னுது?"

தேவசகாயம் பளபளத்த விளிம்பைப் பார்த்தார். கட்டு இருந்த இடத்தைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே இருந்த இரண்டு விரல் இடைவெளியைப் பார்த்தார்.

"பாத்ததனால இல்ல சார்" என்றார். "இழுத்ததனால."