விரால் பிடிக்காத அம்மா

காட்டாற்றின் வளைவில் ஒரு நீர்நாய்க் கூட்டம் வாழ்ந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தன்னந்தனியாக ஒரு விரால் மீனைப் பிடித்துக் கரையேற்றும் வரை எந்த நீர்நாயும் 'சின்னது'தான். சின்னதுகளுக்கு ஆற்றுச் சபையில் வாய் கிடையாது. பெற்றவர் அவர்களுக்காகப் பேசுவார். பெற்றவர் இல்லாவிட்டால் சபை ஒரு காப்பாளரை வைக்கும், அவர் பேசுவார்.

நாணல் என்ற நீர்நாய்ப் பெண் இன்னும் விரால் பிடிக்கவில்லை. ஒருமுறை பிடித்தாள். அது அவள் மூக்கில் வாலால் ஓர் அறை விட்டுவிட்டு ஓடிவிட்டது! அவளுடைய அம்மாவை வெள்ளம் அடித்துக்கொண்டு போன நாளிலிருந்து சித்தி தடிவால்தான் அவளுக்குக் காப்பாளர்.

அந்த நாணலுக்கு ஒரு குட்டி பிறந்தது. அதன் அப்பன் எந்த ஆற்றில் திரிகிறான் என்று யாருக்கும் தெரியாது. "இவளே ஒரு குழந்தை! இவளுக்கு ஒரு குழந்தையா?" என்று ஆறு முழுக்க இதே பேச்சு. நாணல் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வளையில் காய்ந்த புல்லைப் பரப்பினாள். கண் திறக்காத குட்டியை வயிற்றோடு அணைத்துப் பால் கொடுத்தாள்.

ஒருநாள் தடிவால் வளைக்குள் தலையை நீட்டினாள்.

"நாளைக்குக் கீழ்மடுவிலேருந்து குட்டி இல்லாத ரெண்டு பேர் வருவாங்க. குட்டியைத் துடைச்சுத் தயாரா வை. அவங்ககிட்ட குடுத்துடப் போறோம்."

"குடுக்கப் போறோமா? நான் ஒத்துக்கவே இல்லையே சித்தி!"

"உனக்காக நான் ஒத்துக்கிட்டேன்! நான்தானே உன் காப்பாளர்? நீ சின்னவ. நீ என் பொறுப்புன்னா, உன் குட்டியும் என் பொறுப்புதான்!"

தடிவால் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. கீழ்மடுவில் நாளெல்லாம் வெயில் படும் ஒரு வழுக்குப்பாறை உண்டு. குட்டியைக் கொடுத்தால் அந்தப் பாறையில் ஆயுசுக்கும் வெயில் காயலாம் என்று கீழ்மடுக்காரர்கள் அவளுக்கு ஆசை காட்டியிருந்தார்கள்.

மறுநாள் காலையில் நாணல் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு நேரே சபைக்குப் போனாள்.

சபைக்குத் தலைவர் முதலையார். தீர்ப்புச் சொல்லும் நாளில் அவர் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார். அந்தத் தைரியத்தில்தான் எல்லோரும் வருவார்கள். ஆனாலும் ஓரடி தள்ளியே உட்காருவார்கள்!

விஷயம் கேட்டுத் தடிவாலும் அரக்கப்பரக்க வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். நாணல் வழக்கப்படி சித்தியின் வாலுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

"ஐயா, இவ சின்னவ. ஒரு விரால்கூடப் பிடிக்கத் தெரியாது. இவ எங்கே குட்டி வளர்க்கிறது? இவ சார்பா நான் சொல்றேன். குட்டியைக் கீழ்மடுவுக்குக் குடுக்க எங்களுக்குச் சம்மதம்!" என்றாள் தடிவால்.

"இல்லை!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"யாரது? சின்னதுகளுக்கு இங்கே பேச்சு கிடையாது! வாயை மூடு!" என்று கத்தியது சபையில் ஒழுங்கு பார்க்கும் கொக்கு.

நாணல் எழுந்தாள். சித்தியின் வாலைத் தாண்டி முன்னால் வந்து நின்றாள்.

"எனக்காக நான் பேசலை ஐயா. எனக்காகச் சித்தியே பேசட்டும், அதுதான் வழக்கம். ஆனா இந்தக் குட்டிக்கும் சபையிலே வாய் கிடையாதே! இதுக்காக யார் பேசணும்? பெத்தவ பேசணும். இதைப் பெத்தவ நான்! என் குட்டிக்காகச் சொல்றேன், இது என்கூடத்தான் இருக்கும்!"

இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். கொக்கு தூக்கிய காலைக் கீழே வைக்க மறந்துவிட்டது.

முதலையார் மெல்லக் கண்ணைத் திறந்தார். "தடிவால், உன்னை எதுக்குக் காப்பாளரா வெச்சோம்?"

"இவளுக்கு அம்மா இல்லைன்னு..."

"இந்தக் குட்டிக்கு அம்மா இருக்காளா?"

"இருக்கா. ஆனா சின்னவ ஐயா!"

"குட்டிக்காகப் பெத்தவர் பேசணும்னுதான் வழக்கம். அந்தப் பெத்தவர் விரால் பிடிச்சிருக்கணும்னு எவனாவது சொல்லியிருக்கானா?"

தடிவால் யோசித்துப் பார்த்தாள். யாரும் சொன்னதாக நினைவில்லை.

"உன்னைக் காப்பாளரா வெச்சது நாங்க. இவளை அம்மாவா வெச்சது நாங்க இல்லை! நாங்க குடுக்காத ஒண்ணை எங்க பேரைச் சொல்லி நீ எப்படிப் பறிப்பே? நாணலுக்கு வளையும் மீனும் குறையாம பார்த்துக்கிறது உன் வேலை. அவ குட்டியோட மீசையிலே ஒரு முடிகூட உனக்குச் சொந்தமில்லை!"

குட்டியை வாங்க வந்திருந்த கீழ்மடுக்காரர்கள் தண்ணீரில் இறங்கிப் போனார்கள். வழுக்குப்பாறையும் அவர்களோடு போயிற்று.

தடிவால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் ஒரு கெளுத்தியைக் கவ்விவந்து நாணலின் வளை வாசலில் போட்டாள். "முள்ளு இருக்கு, பார்த்துத் தின்னு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். அதன் பிறகு ஒரு நாளும் மீன் வராமல் இருந்ததில்லை.

இரண்டு மாதம் ஆயிற்று. குட்டியை நீரில் இறக்கும் நாள் வந்தது. நீர்நாய்க் குட்டிக்குப் பிறவியிலேயே நீச்சல் வராது. தண்ணீர் என்றாலே பயம். தாய்தான் பிடரியைக் கவ்வி இழுத்துப் போக வேண்டும். சின்னவள் என்ன செய்யப் போகிறாள் என்று பார்க்க ஆறே கூடிவிட்டது.

நாணல் குட்டியைக் கவ்வினாள். அது ஊரைக் கூட்டியது. அவள் விடவில்லை. நடு ஆற்றில் விட்டாள். குட்டி மூழ்கியது. நாணல் அதன் அடியில் போய் மூக்கால் ஓர் உந்து உந்தினாள். குட்டி தும்மிக்கொண்டே மேலே வந்து, நாலு காலையும் அடித்து மிதந்தது!

"பார்த்தீங்களா! எங்க நாணலைப் பார்த்தீங்களா! என் அக்கா மகளாக்கும்!" என்று கரையில் குதித்துக் குதித்துக் கத்தியது வேறு யாருமில்லை, தடிவால்தான்.

நாணல் இன்றுவரை ஒரு விரால்கூடப் பிடிக்கவில்லை.

வயதில் எவ்வளவு சின்னவளானாலும் தான் பெற்ற பிள்ளைக்குத் தாயே பெரியவள். அவளைக் காப்பவர்கள் அவளுக்குத் துணையாக நிற்கலாம், அவள் இடத்தில் நிற்கக் கூடாது.