செம்பி தாவிய பதினெட்டடி

பெருங்காற்றில், மருத மரத்துக்கும் நாவல் மரத்துக்கும் நடுவிலிருந்த புங்க மரம் சாய்ந்தது. செம்பி என்ற மலையணில் மருத மரத்தில் தனியாக மாட்டிக்கொண்டது.

எதிரே நாவல் மரம், கிளை கொள்ளாத பழத்தோடு நின்றது. நடுவே பதினெட்டடி வெறும் காற்று. இறங்கி ஓடலாம் என்றால், கீழே காட்டுப்பூனை படுத்திருந்தது. பொந்தில் மிச்சமிருந்தது ஒரு பிடி கொட்டைதான். அது தீர்வதற்குள் தாவியாக வேண்டும்!

செம்பி தன் மரத்து நீளக் கிளையிலேயே, ஒரே இடத்திலிருந்து தாவிப் பழகியது. கால் பட்ட இடத்திலெல்லாம் பல்லால் ஒரு கீறல் போட்டது. முதல் நாள் பதினைந்தடி.

"பலே தங்கச்சி!" என்றது பூனை. "இன்னும் நூறு தடவை தாவு!"

"தொடை வலிக்குதே அண்ணே!"

"வலிச்சா பலம் ஏறுதுன்னு அர்த்தம்! அந்தக் கொட்டையையும் தொடாதே. வயிறு காலியா இருந்தாத்தான் உடம்பு பஞ்சா பறக்கும்!"

செம்பி நம்பிவிட்டது. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை தாவியது. இரண்டாம் நாள் பதினான்கடி. மூன்றாம் நாள் பன்னிரண்டு. கீழே பூனையின் மீசை துடித்தது.

நாலாம் நாள் காலை, செம்பி கீறல்களை உற்றுப் பார்த்தது. எந்த நாளானாலும், காலையில் போட்ட முதல் கீறல் முந்தின மாலைக் கீறலைத் தாண்டி நின்றது.

'ராத்திரி நான் ஒண்ணுமே செய்யலையே! சும்மா தூங்கினேன். அப்புறம் எப்படிக் கூடுச்சு?'

கொஞ்ச நேரம் வாலைக் கடித்துக்கொண்டு யோசித்தது. பிறகு கீழே எட்டிப் பார்த்துச் சொன்னது: "அண்ணே, இன்னைக்குத் தாவல் கிடையாது. சாப்பிட்டுத் தூங்கப்போறேன்!"

பூனை துள்ளி எழுந்தது. "ஐயையோ, கால் மரத்துப்போயிடும்! தூங்கினவ எவளாவது மரம் தாண்டியிருக்காளா?"

"என் கால் மரத்தா உனக்கு ஏன் அண்ணே இப்படி வேர்க்குது?"

 பூனை உதட்டை நக்கிக்கொண்டது. செம்பிக்கு அது போதும்!

மிச்சமிருந்த கொட்டையில் பாதியைத் தின்றது. பட்டை இடுக்கில் தேங்கிய தண்ணீரைக் குடித்தது. வாலைப் போர்த்திக்கொண்டு தூங்கியது. மறுநாள் மெல்ல இரண்டு கிளை ஏறி இறங்கியதோடு சரி. வலி குறைந்திருந்தது, போகவில்லை. கொட்டையோ தீர்ந்துவிட்டது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும், 'இன்னும் ஒரு தூக்கம்' என்று கண்ணை மூடியது.

அடுத்த காலை, தொடையில் வலியே இல்லை. செம்பி கிளை நுனிவரை ஓடி, ஒரே தாவு!

நாவல் மரத்துக் கொம்பை நகம் கவ்வியது. கொம்பு பூனையின் தலைவரை வளைந்தது. பூனை வாயைத் திறந்தது. அதற்குள் கொம்பு செம்பியோடு விசுக்கென்று மேலே போய்விட்டது!

"தங்கச்சி, இறங்கி வாயேன்! அடுத்த பாடம் சொல்லித் தர்றேன்!"

செம்பியின் வாய் நிறையப் பழம். கை அடுத்த பழத்தைப் பறித்தது.

உழைத்த உடம்புக்கு உணவும் ஓய்வும் கொடுத்தால்தான், அந்த உழைப்பு பலமாக மாறும்.