ஸ்டிக்கர் உரித்த கிண்ணங்கள்

"இன்னும் எத்தனை தடவைதான் மேடம் எண்ணுறது?"

அருணகிரி வைத்தியர் பொரிந்து தள்ளினார்.

பாவம், அவரும் என்ன செய்வார். மணத்தக்காளிச் சாறு வயிற்றுப் புண் வராமல் காக்கும் என்று ஊருக்கே கொடுத்து வந்த சித்த வைத்தியர். அதை ஆராய்ச்சியாகவும் நிரூபித்துவிடலாம் என்று, தலை நரைத்த பிறகு, தன்னைவிட இளையவரான பேராசிரியை நிலோஃபரிடம் மாணவராகச் சேர்ந்தார். அன்றோடு போயிற்று நிம்மதி.

எலிகளில் பாதிக்குச் சாறு, பாதிக்கு வெறும் தண்ணீர். பிறகு எல்லாவற்றுக்கும் புண் உண்டாக்கும் மருந்து. கடைசியில் இரைப்பைகளைத் திறந்து, லென்ஸ் வைத்துப் புண்களை எண்ண வேண்டும்.

எண்ணினார். சாறு குடித்த எலிகளுக்குப் புண் குறைவு. தண்ணீர் குடித்தவற்றுக்கு அதிகம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

நிலோஃபர் முடிவுத் தாளில் கையெழுத்துப் போடவில்லை.

"திரும்ப எண்ணுங்க."

எண்ணினார். அதேதான் வந்தது.

"திரும்ப."

இப்போது வைத்தியருக்குப் பொறுமை போய்விட்டது.

"என் கண்ணு மேல நம்பிக்கை இல்லையா உங்களுக்கு?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் எதுக்கு என்னைப் போட்டு வாட்டுறீங்க? ஊர்ல ஜனங்க என் பேச்சை நம்பி, டாக்டர் குடுத்த வயித்துப் புண் மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டு இந்தச் சாறைத்தான் குடிக்கிறாங்க. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

நிலோஃபர் நிமிர்ந்து பார்த்தார்.

"மாத்திரையை நிறுத்திட்டாங்களா?"

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

நிலோஃபர் எழுந்து வந்தார். இரைப்பைகள் இருந்த கிண்ணங்களில் 'சாறு', 'தண்ணீர்' என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக உரித்தார். தனக்கு மட்டும் புரியும்படி அடியில் ஏதோ கிறுக்கினார். எல்லாவற்றையும் இடம் மாற்றிக் கலைத்து வைத்தார்.

"இப்ப எண்ணுங்க."

இது என்ன புதுக் கூத்து என்று முணுமுணுத்தபடி வைத்தியர் முதல் கிண்ணத்தை இழுத்தார்.

உள்ளே ஓரமாக ஒரு சிவப்பு.

நேற்று இதைப் போன்றவற்றைப் பார்த்த மாத்திரத்தில் எழுதித் தள்ளியிருந்தார். இன்று கை ஓடவில்லை. கிண்ணத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். திருப்பினார். லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"மேடம், இது எந்த எலி?"

"எதுக்கு?"

"சாறு குடிச்சதா, தண்ணி குடிச்சதா? அதை மட்டும் சொல்லுங்க. இது புண்ணா, வெறும் சிவப்பான்னு உடனே சொல்லிடுறேன்."

நிலோஃபர் உரித்த ஸ்டிக்கர்களைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டார்.

வைத்தியர் தான் கேட்டதையே தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். நேற்று எழுதிய தாளை எடுத்து, தண்ணீர்ப் பக்கத்தில் குறித்த புண்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார். பிறகு போனை எடுத்து, ஊரில் தன் வைத்தியசாலையைப் பார்த்துக்கொள்ளும் செண்பகத்தைக் கூப்பிட்டார்.

"செண்பகம், சாறு வாங்கிட்டுப் போன எல்லாருக்கும் இப்பவே போன் போடு. மாத்திரையை விட வேண்டாம்னு சொல்லு."

"ஏன் ஐயா, சாறு வேலை செய்யாதா?"

"தெரியலைம்மா."