பெனால்டி நேரத்தில் இறங்கியவர்

ஈனாசி ஆசான் வர்மம் தெரிந்தவர். எலும்பு முறிந்தால் கட்டுவார். எண்பது வயது. சிலுவைதாசன் அவரிடம் பாடம் கேட்பவன். நாற்பத்தைந்து வயது, கோபக்காரன்.

கடற்கரை மைதானத்தில் கால்பந்து இறுதி ஆட்டம். போகிற வழியில் சிலுவைதாசன் ஆரம்பித்தான்.

"ஆசானே, ஒரு சந்தேகம்."

"நடந்துகிட்டே கேளு."

"போன ஆட்டத்துல நீங்க கேலரியில இருந்து இறங்கும்போது அந்தச் செண்டை அடிக்கிற பய கிளாட்வின் தோள் கொடுத்தான். கொடுத்துகிட்டே, 'வீட்ல கெடந்து டிவி பாக்க வேண்டியதுதானே பாட்டா'ன்னான். எல்லாப் பயலும் சிரிச்சான்."

"ம்."

"மனசுல மரியாதை இல்லாம கொடுக்கிற தோள் எதுக்கு?"

ஆசான் மைதானத்தை நோக்கிக் கையைக் காட்டினார். "வேகமா நட. இடம் போயிரும்" என்றார்.

அந்த ஊர்க் கேலரி கமுகு மரங்களை நட்டு, கயிற்றால் கட்டி, பலகை போட்டது. படி கிடையாது. பெரியவர் ஒருவர் இறங்கினால் எல்லோரும் உட்கார்ந்துவிட வேண்டும். வழியில் இருப்பவர்கள் தோள் கொடுக்க வேண்டும். அவர் கால் மண்ணில் படும்வரை ஒருவரும் எழக் கூடாது. கோல் விழுந்தாலும் கூடாது. யார் வைத்த முறையோ, தெரியாது. மீறியவன் இல்லை. முணுமுணுக்காதவனும் இல்லை.

போன வருடம் கிழவர்கள் சண்டை போட்டார்கள். பையன்கள் எழுந்து நின்று மறைக்கிறார்களாம். அதனால் இந்த வருடம் பையன்கள் ஒரு மரியாதை செய்திருந்தார்கள். கேலரியின் உச்சியில் ஒரு தட்டு கூடுதலாகக் கட்டி, கிழவர்களை அதில் ஏற்றி வைத்தார்கள்.

தட்டு புதிது. கீழே தாங்கிய கயிறுகள் பழையவை.

ஆசான் உச்சியில் உட்கார்ந்தார். சிலுவைதாசன் அவர் காலடியில். நடு வரிசையில் கிளாட்வின் செண்டையோடு நின்றான். அவன் பக்கத்தில் சிலுவைதாசனின் மகள் ஆக்னஸ், கொடியோடு.

இரண்டு அணிக்கும் ஒவ்வொரு கோல். பந்து எதிரணிக் கோலை நெருங்கும்போதெல்லாம் இளவட்டம் மொத்தமாகக் குதித்தது. பலகைகள் எகிறின.

இரண்டாம் பாதியில் ஆசான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கமுகுக் காலில் மூன்று விரல்களை வைத்திருந்தார். நாடி பார்க்கிற மாதிரி.

"என்ன ஆசானே?"

"நீயும் வை."

வைத்தான். மரம் அசைந்தது. அசைந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு குதிக்கும் கொஞ்சம் வெளியே போனது. போனது திரும்பி வரவில்லை.

கீழே எங்கோ கயிறு நறநறத்தது.

சிலுவைதாசன் கீழே பார்த்தான். மகளின் கொடி நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. எழப் போனான். வாய் திறந்தான்.

ஆசான் அவன் மணிக்கட்டில் விரலை அழுத்தினார். கை மரத்துப்போனது.

"கத்தினா ஓடுவானுவ. ஓடினா சரியும். மகளைக் கொல்லணுமா?"

விசில் ஊதியது.

பெனால்டி. நம்ம அணிக்கு.

கேலரி எழுந்து நின்றது. செண்டை முழங்கியது. பந்தைப் புள்ளியில் வைத்தார்கள். உள்ளே போனால் அத்தனை பேரும் குதிப்பார்கள். இன்னொரு குதியை இந்த மரம் தாங்காது.

ஆசான் எழுந்தார்.

"லே, கிளாட்வினு! எனக்கு இறங்கணும்."

செண்டை நின்றது.

"இப்பமா? பாட்டா, பெனால்டி!"

"மூத்திரத்துக்குப் பெனால்டி தெரியுமா?"

கேலரி சிரித்தது. ஒருவன் கத்தினான்: "ஒரு கோல்கீப்பரை அனுப்பட்டுமா பாட்டா, பிடிச்சு வைக்க?"

"என் வயசு வரட்டும் மக்கா. பத்து கோல்கீப்பர் நின்னாலும் நிக்காது."

"ஒரே ஒரு நிமிசம் பாட்டா. அடிச்சு முடிச்சிரட்டும்."

"முடியாது. இறங்குறேன்." ஒரு காலைக் கீழ்ப் பலகையில் வைத்துவிட்டார்.

கிளாட்வின் செண்டைக் குச்சியைத் தொடையில் அடித்துக்கொண்டான். வானத்தைப் பார்த்து ஏதோ சொன்னான். நல்ல வார்த்தை இல்லை. பிறகு திரும்பினான்.

"உக்காருங்கலே! பாட்டா இறங்குறாரு. ஒருத்தனும் அசையாத!"

உட்கார்ந்தார்கள். முனகிக்கொண்டு, சபித்துக்கொண்டு, எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

ஆசான் தோள் தோளாகப் பிடித்து இறங்கினார். சிலுவைதாசன் பின்னால். பலகைகளுக்கு இடையில் பார்க்காமலிருக்க முயன்றான். பார்த்தான். ஒரு கட்டு பாதி அவிழ்ந்து தொங்கியது.

பந்து வலைக்குள் போனது.

ஒருவரும் குதிக்கவில்லை. கைகள் மட்டும் உயர்ந்தன. அந்தக் கத்தலுக்கே மரம் முனகியது.

ஆசானின் கால் மண்ணில் பட்டது. கடைசித் தோள் கிளாட்வினுடையது. ஆசான் அதை விடவில்லை.

"மேல உள்ள கிழடுகளையும் இறக்கு. ஆளுக்கு ரெண்டு பேரு பிடிக்கணும்."

"அதுகளுக்குமா வருது?" என்று பல்லைக் காட்டிய கிளாட்வின் ஆசானின் முகத்தைப் பார்த்தான். அவர் பார்வை போன வழியே பார்த்தான். மரம், கயிறு. பல் மறைந்தது.

திரும்பி ஏறினான். பூனை போல.

"பாட்டாமாரு எல்லாரும் இறங்குறாவ. ஆளுக்கு ரெண்டு பேரு பிடி. மத்தவனும் வரிசை வரிசையா இறங்கு, கீழ நின்னு பாப்போம். முண்டித் தள்ளுறவன் எதிர் டீமு!"

சிரித்தார்கள். ஒருவனும் முண்டவில்லை.

கிழவர்கள் இறங்கினார்கள். ஒவ்வொருவரோடும் இரண்டு பையன்கள் இறங்கினார்கள். வரிசைகள் காலியாகின. சிலுவைதாசன் மகளைத் தேடினான். கீழே இல்லை.

மேலே போய்க்கொண்டிருந்தாள்.

உச்சியில் தொம்மை மட்டும் மிச்சம். கடலுக்குப் போய்க் காது செவிடான கிழவர். யார் சொன்னதும் கேட்கவில்லை. ஆட்டத்தில் கண்ணாக இருந்தார். ஆக்னசும் கிளாட்வினும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சைகை காட்டினார்கள்.

"ஆட்டம் முடியலையே!" என்று தொம்மை அலறினார். ஊருக்கே கேட்டது.

சிலுவைதாசன் ஓடப் பார்த்தான். ஆசான் குறுக்கே நின்றார்.

"உன் பாரமும் வேணுமா அதுக்கு?"

நின்றான். மகளின் காலை மட்டும் பார்த்தான். ஒரு பலகை. அடுத்த பலகை. தொம்மை இரண்டு தோள்களிலும் தொங்கிக்கொண்டு திட்டினார். "மரியாதை கெட்ட பிள்ளைய! கடைசி நேரத்துல இறக்குதுவ!" அவள், "ஆமா பாட்டா, ஆமா பாட்டா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவருக்கு அது கேட்காது.

மூவரும் மண்ணை மிதித்தார்கள். நாலடி நகர்ந்தார்கள்.

கேலரி முட்டி மடங்குகிற மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு மொத்தமாக உட்கார்ந்தது. புழுதி எழுந்தது. உச்சித் தட்டு தனியே கழன்று, கிழவர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் கீழாக மண்ணில் குத்தி நின்றது.

ஆட்டம் நின்றுவிட்டது. எல்லோரும் சரிந்த மரங்களையே பார்த்தார்கள். தொம்மை மட்டும் கேட்டார்: "யாரு கோல் அடிச்சா?"

ஆக்னஸ் வந்து அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிலுவைதாசன் கிளாட்வினைப் பார்த்தான்.

"ஆசானே, அந்தப் பய... வாய் நிறைய கெட்ட வார்த்தை. ஆனா மனசுல..."

ஆசான் கையை நீட்டினார். அந்தக் கை பிடிமானம் தேடியது.

"மனசை அப்புறம் பாக்கலாம். இப்போ தோளைக் கொடு."