ஒத்த ஆணி

கடலோரமா ஒரு ஊர்ல ரெண்டு ஓரகத்திங்க இருந்தாளுவ. மூத்தவ தொம்மையம்மா, இளையவ ரொசாலி. ம் கொட்டு, இல்லைன்னா நிறுத்திருவேன். ஆங்.

ஒருநா தொம்மையம்மா காயப்போட்ட நெத்திலியை ரொசாலி கோழி டொக்கு டொக்குன்னு கொத்திருச்சு. அதுக்குத்தான் சண்டை. அந்தக் கோழியைக் குழம்பு வச்சுத் தின்னும் முடிஞ்சுது, சண்டை முடியல. மூணு வருஷமா பேச்சே கிடையாது.

இதுக்கு நடுவுல வருஷா வருஷம் ஏசு சாமி செத்த பெரிய வெள்ளி வரும்லா. அன்னைக்குக் கோயில்ல சிலுவையில தொங்குத ஏசுவோட பாடுபட்ட சுரூபத்துப் பாதத்தை எல்லாரும் வரிசையா வாய் வச்சு முத்தி செய்யணும். ரொசாலி வாய் பட்ட இடத்துல என் வாய் படவான்னு தொம்மையம்மாவுக்கு ரோஷம். முதல் வருஷம் விறுவிறுன்னு ஓடிப்போயி முன்னால நின்னுக்கிட்டா. அடுத்த வருஷம் பிந்திட்டா. முந்தானையால பாதத்தைப் பரபரன்னு தேய்ச்சா. ஒவ்வொருத்தரும் முத்தி செஞ்சதும் சுரூபத்துக்கிட்ட நிக்குத கோயில் உபதேசியார் துணியால தொடைக்கத்தான் செய்யுதாரு, இவளுக்கு அது பத்தல. தூங்கிட்டியா? ம், சரி.

மூணாவது வருஷம் ஈஸ்டர் கழிஞ்சதும் தொம்மையம்மா மவ பிலோமிக்குக் கல்யாணம்னு முடிவாச்சு. அவளை இடுப்புல தூக்கி வளத்தவ ரொசாலி. சித்தி வராம கோயில் படி ஏற மாட்டேன்னு பிலோமி ஒத்தக்கால்ல நிக்கா. ஆத்தாக்காரி போய்க் கூப்பிட மாட்டேங்கா. கூப்பிடாம ரொசாலி வர மாட்டா. கல்யாணம் நின்னுபோற நிலைமை.

அந்த வருஷப் பெரிய வெள்ளி வரிசையில ரொசாலிக்கு நேர் பின்னால தொம்மையம்மா மாட்டிக்கிட்டா. ரொசாலி குனிஞ்சு ப்ச்சுன்னு முத்தி செஞ்சுட்டு நகந்தா. இவ முட்டிபோட்டு உபதேசியார் காதுல குசுகுசுன்னு கேட்டா.

"அவ எந்தக் கால்ல செஞ்சா? நான் மத்த கால்ல செஞ்சுக்கிடுதேன்."

அவரு குனிஞ்சு பாத்தாரு.

"ரெண்டு காலையும் சேத்து ஒரே ஆணியிலதான் அடிச்சிருக்கு தொம்மையம்மா. தனியா எடுத்துத் தர முடியாது."

அவ அந்த ஆணியையே பாத்துக்கிட்டிருந்தா. பின்னால வரிசை நெருக்குது. உபதேசியார் தொடைக்கத் துணியை எடுத்தாரு. வேண்டாம்னு அவரு கையைப் பிடிச்சுக்கிட்டா. ரொசாலி வாய் பட்ட ஈரம் காயுமுன்னே அதே இடத்துல முத்தி செஞ்சா. அழுகை வந்துட்டு அவளுக்கு. அப்புறம் எந்திரிச்சு நேரா போயி ரொசாலிக்குப் பக்கத்துல உக்காந்தா.

"திங்கக்கிழமை பிலோமிக்குச் சேலை எடுக்கணும். நீயும் வா."

ரொசாலி தள்ளி உக்காந்து அவளுக்கு இடம் விட்டா.

கதை இம்புட்டுத்தான். நெத்தியில சிலுவை போட்டுவிடுதேன், கண்ணை மூடு.