செம்பி போடாத தையல்

செம்பி என்ற தையல்சிட்டுக்கு அன்று விடிந்ததிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. கிணற்றடிப் பூவரச மரத்தில் கிளை கிளையாகத் தாவினாள். ஒவ்வொரு இலையிலும் உட்கார்ந்து ஆடிப் பார்த்தாள். இது சின்னது, இதில் புழு ஓட்டை போட்டிருக்கிறது, இதில் வெயில் அடிக்கிறது என்று கழித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் கிணற்றின் மேல் நீட்டிக்கொண்டிருந்த கிளையில், உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைப்பசேலென்று ஓர் இலை கண்ணில் பட்டது.

“என்னங்க, கிடைச்சிருச்சு!”

அவள் போட்ட சத்தத்தில், வேலியோரம் பூச்சி பிடித்துக்கொண்டிருந்த அவள் கணவன் வாலன் வாயில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டுப் பறந்து வந்தான்.

அப்போது சித்திரை மாதம். தோட்டத்து வீட்டிலும் இதே பரபரப்புதான். வெளியூரில் இருக்கும் மகள் பிள்ளைகளோடு கோடை விடுமுறைக்கு வரப்போகிறாள். வீட்டுக்காரி மாரித்தாய் உள்ளே புழுக்கம் தாங்காமல் தையல் மெஷினை வேப்பமர நிழலுக்குக் கொண்டுவந்துவிட்டாள். பழைய சேலைகளை வெட்டித் தலையணை உறையும் ஜன்னல் திரையுமாகத் தைத்துத் தள்ளினாள். மெஷினைச் சுற்றிச் சிவப்பும் ஊதாவும் வெள்ளையுமாக நூல் துண்டுகள் இறைந்து கிடந்தன.

செம்பிக்கு இது முதல் கூடு. முட்டையிடும் நாளும் நெருங்கிவிட்டது. இலையின் இரண்டு ஓரங்களையும் காலால் இழுத்துச் சேர்த்தாள். அலகால் ஒரு சின்னத் துளை போட்டாள். துளைக்குள் பருத்தி நூலை நுழைத்து, வெளியே வந்த முனையைப் பிரித்துப் பூப்போல விரித்துவிட்டாள். இனி அது உருவிக்கொண்டு வராது. முடிச்சே தேவையில்லை. இப்படிப் பன்னிரண்டு தையல் போட்டதும் இலை அழகான ஒரு பையாகிவிட்டது. உள்ளே இலவம்பஞ்சைக் கிண்ணம்போல அடைத்தாள். மூன்று நாளில் மூன்று முட்டைகள் இட்டாள்.

வாலன் உள்ளே தலையை விட்டுப் பார்த்தான். காற்றும் புகாது, வெயிலும் தெரியாது, இதைவிட என்ன வேண்டும் என்றான். செம்பிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

மறுநாள் தவிட்டுக்குருவிகள் வந்தன. அவை ஏழு. எங்கே போனாலும் ஏழும் சேர்ந்துதான் போகும். பேசினாலும் ஏழும் சேர்ந்துதான் பேசும். புதுக் கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தன. நன்றாக இருக்கிறது என்றன. அதோடு போயிருந்தால் ஒன்றுமில்லை. போகிற போக்கில் ஒன்று மட்டும் திரும்பி, எலுமிச்சை மரத்துத் தேன்சிட்டு தும்பையின் கூட்டைப் பார்த்தாயா, வாசலுக்கு மேலே அழகாக ஒரு தாழ்வாரமே இறக்கியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனது.

செம்பி அன்று சாப்பிடவில்லை. சாயங்காலம் எலுமிச்சை மரத்துப் பக்கம் போய் ஒளிந்திருந்து பார்த்தாள். தாழ்வாரம் இருக்கத்தான் செய்தது. அதில் பூவிதழ்கூட ஒட்டியிருந்தது. திரும்பும் வழியில் நேராக மெஷினடிக்குப் போனாள். ஒரு சிவப்பு நூலைக் கவ்விக்கொண்டு வந்தாள். கூட்டின் வாசலைச் சுற்றித் தொங்கல் போலத் தைத்தாள்.

தவிட்டுக்குருவிகள் ஏழும் அதைப் பார்த்து வாயைப் பிளந்தன. இப்படியொரு வேலைப்பாட்டை எங்கேயும் பார்த்ததில்லை என்றன. அவ்வளவுதான். செம்பிக்குச் சிறகு இரண்டும் நாலானது போல இருந்தது. அடுத்த நாள் ஊதா நூலில் ஒரு கரை. அதற்கடுத்த நாள் வெள்ளையில் புள்ளிகள். முட்டைமேல் உட்கார்ந்து அடைகாக்கும்போதும் அலகு சும்மா இருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டிய இடத்திலெல்லாம் குத்தித் தைத்தாள். தினமும் பார்க்க ஆள் வந்தது. தும்பை மட்டும் வரவில்லை. அவளுக்கு அவள் வேலை. ஆனால் பொறாமையில்தான் வராமல் இருக்கிறாள் என்று செம்பி முடிவுகட்டினாள். அவளோடு பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது என்று வாலனிடமும் சொல்லிவைத்தாள்.

வாலன் ஒரு நாள் கேட்டே விட்டான்.

“எத்தனை தையல் போட்டிருக்கே, செம்பி?”

“யார் எண்ணினது?”

“ஒவ்வொரு தையலும் ஒரு ஓட்டை. இலை உயிரோட இருக்கணுமில்ல?”

“பிடிச்சிருக்குன்னு சொல்லத் தெரியலைன்னா சும்மா இருங்க” என்று சொல்லிவிட்டுச் செம்பி அடுத்த நூலை எடுத்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலை முட்டைகள் பொரிந்தன. மூன்று குஞ்சுகள். இறகில்லை, கண் திறக்கவில்லை. வாய் மட்டும் உடம்பைவிடப் பெரிதாகத் திறந்தது. செம்பிக்கும் வாலனுக்கும் சந்தோஷத்தில் எந்தப் பூச்சியை முதலில் பிடிப்பது என்றே தெரியவில்லை. விஷயம் கேள்விப்பட்டுத் தவிட்டுக்குருவிகள் ஓடிவந்தன.

ஏழில் ஒன்று கூட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்துச் சொன்னது: “அட, மஞ்சள் கரைகூட வச்சிருக்கியே! எல்லாத்திலேயும் இதுதான் அழகு.”

செம்பி திகைத்தாள். அவள் மஞ்சள் நூலே எடுக்கவில்லை.

வெளியே வந்து கீழே தொங்கிப் பார்த்தாள். நூல் இல்லை. இலையே மஞ்சளாகியிருந்தது. தைத்த துளைகளைச் சுற்றிப் பழுப்பு வட்டம் வட்டமாகப் பரவியிருந்தது. காம்பைத் தொட்டாள். கிளையோடு சேரும் இடத்தில் அது லேசாக ஆடியது. நேர்கீழே கிணறு. தண்ணீர் பாதாளத்தில் மினுங்கியது.

குஞ்சுகள் பறக்க இன்னும் பதினைந்து நாள் ஆகும். இலை அத்தனை நாள் தாங்குமா? ஒரு காற்று போதுமே! பதறிப்போய்ச் சிவப்புத் தொங்கலைக் கவ்விப் பிடித்து இழுத்தாள். ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருக்கும் நூல் போய்விட்டால் இலை பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தாள். இலை சர்ரென்று கிழிந்தது. கூடு ஒரு பக்கம் சரிந்தது. உள்ளே குஞ்சுகள் கத்தின.

“உருவாதே! விட்டுரு!” என்று வாலன் அலறினான்.

செம்பி விட்டாள். தவிட்டுக்குருவிகள் ஏழும் ஏழு யோசனை சொல்லத் தொடங்கின. அவை குதித்த குதியில் கிளை இன்னும் ஆடியது. கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டு அவற்றை வேறு மரத்துக்கு அனுப்பினான் வாலன்.

செம்பி சுற்றிலும் பார்த்தாள். கூட்டுக்குப் பக்கத்திலேயே இன்னோர் இலை இருந்தது. பச்சையாக, கெட்டிக் காம்போடு, ஒரு விரல் தூரத்தில். அதை இழுத்துக் கூட்டோடு சேர்த்துத் தைத்துவிட்டால்? மஞ்சள் இலை உதிர்ந்தாலும் பச்சை இலை பிடித்துக்கொள்ளும் அல்லவா?

நூல் வேண்டும். மெஷினடிக்குப் பறந்தாள். மெஷின் இல்லை. மகளும் பிள்ளைகளும் வந்திறங்கிவிட்டார்கள். வேப்பமரத்தடியில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். தரையைச் சுத்தமாகப் பெருக்கியிருந்தார்கள். ஒரு நூல் துண்டுகூட இல்லை.

வெயில் ஏறிக்கொண்டே போனது. மேற்கே புழுதி கிளம்புவது தெரிந்தது. செம்பி ஒரு நொடி தயங்கினாள். பிறகு எலுமிச்சை மரத்துக்குப் பறந்தாள்.

“மதினி, என் கூடு விழப்போகுது. கெட்டி நூல் எங்கே கிடைக்கும்?”

ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்று தும்பை கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்த நூல் சிலந்தி நூல்தான்.

“மாட்டுக்கொட்டகை மூலையிலே நிறைய இருக்கு. நீ பிள்ளைங்ககிட்டப் போ. நான் கொண்டாறேன்” என்று சொல்லும்போதே பறந்துவிட்டாள்.

நான்கே நடையில் தும்பை வேண்டிய நூலைக் கொண்டுவந்து சேர்த்தாள். வாலன் பச்சை இலையின் நுனியைப் பற்றித் தலைகீழாகத் தொங்கினான். அவன் கனத்துக்கு இலை பாதி தூரம்தான் வளைந்தது. தும்பையும் போய்ப் பக்கத்தில் தொங்கினாள். இலை கூட்டைத் தொட்டது.

செம்பி யோசித்தாள். எங்கே குத்தினால் நரம்பில் படாது? எங்கே பிடித்தால் கனம் தாங்கும்? பஞ்சுக் கிண்ணத்துக்கு அடியில் முதல் தையல். இடப்பக்கம் ஒன்று. வலப்பக்கம் ஒன்று. சிலந்தி நூலை இரட்டையாகத் திரித்து வாசலுக்குக் கீழே ஒன்று. இதற்குள் புழுதிக்காற்று வந்துவிட்டது. மரம் முழுக்க ஆடியது. வாலனும் தும்பையும் இலையோடு சேர்ந்து ஊஞ்சலாடினார்கள். பிடியை மட்டும் விடவில்லை. கண்ணில் மண் விழ விழச் செம்பி ஐந்தாவது தையலைப் போட்டு முனையை விரித்தாள்.

அவர்கள் இருவரும் பிடியை விட்டார்கள். பச்சை இலை அப்படியே நின்றது.

செம்பிக்கு இன்னும் பயம் போகவில்லை. இன்னும் ஒன்று போட்டால் இன்னும் கெட்டியாக இருக்குமே என்று அலகை இலைமேல் வைத்தாள். நூலும் மீதி இருந்தது. செம்பி அந்தப் பச்சை இலையைப் பார்த்தாள். அதன் நடுநரம்பு அவள் அலகுக்கு நேர் கீழே ஓடியது. மெதுவாக அலகை எடுத்தாள்.

“போதும்” என்றாள்.

மறுநாள் உச்சிப்பொழுதில் டப்பென்று ஒரு சத்தம். மஞ்சள் இலையின் காம்பு விட்டுவிட்டது. கூடு ஒரு சாண் கீழே இறங்கிக் கிணற்றுக்கு மேலே ஆடியது. பச்சை இலை வளைந்தது, நிமிர்ந்தது, மறுபடி வளைந்தது, பிறகு அசையாமல் நின்றது. ஐந்து தையலும் பிடித்துக்கொண்டன. கூடு ஆடியதும் அம்மாதான் வந்துவிட்டாள் என்று குஞ்சுகள் மூன்றும் வாயைத் திறந்தன. அலகில் இருந்த இரையை அவற்றுக்கு ஊட்டிவிட்டு, செம்பி அழுதுகொண்டே சிரித்தாள்.

பதினைந்தாம் நாள் குஞ்சுகள் ஒவ்வொன்றாக வாசலுக்கு வந்தன. முதல் குஞ்சு கிணற்றைப் பார்த்துப் பயந்து உள்ளே ஓடியது. இரண்டாவது, அதைத் தள்ளிக்கொண்டு பறந்தே விட்டது. கிணற்றைத் தாண்டி, வேலியைத் தாண்டி, எலுமிச்சை மரத்தில் தும்பையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. மற்ற இரண்டும் பின்னாலேயே பறந்தன. தோட்டம் முழுக்க அவற்றின் கீச்சொலிதான்.

அன்று வழியோடு போன தவிட்டுக்குருவிகள், கிழிந்து தொங்கிய கூட்டைப் பார்த்து, எப்படி இருந்த வீடு இப்படி ஆகிவிட்டதே என்று வருத்தப்பட்டுக்கொண்டு போயின. செம்பி காதில் அது விழவில்லை. மூன்று பிள்ளைகளுக்கும் பறந்து பூச்சி பிடிக்கக் கற்றுக்கொடுப்பதிலேயே அவளுக்குப் பொழுது போதவில்லை.

நன்றாகச் செய்யத் தெரிந்தவர்களுக்கு, எந்த இடத்தில் போதுமென்று நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.