மணலுக்குள் ஆறிய கல்

மரமெல்லாம் பேசிக்கிட்டிருந்த, மனுஷங்க வாயை மூடிக் கேட்டுக்கிட்டிருந்த ரொம்ப ரொம்பப் பழைய காலம் அது. "நீ பார்த்தியா?"ன்னு யாராவது கேட்டீங்கன்னா கதையை இங்கேயே நிறுத்திடுவேன், ஆமா.

வெண்பாறை நாட்டுல கொன்றைன்னு ஒருத்தி இருந்தா. அவ புருஷன் வேலம்பன். சிக்கிமுக்கிக் கல்லைச் செதுக்கிக் கத்தி பண்றது ரெண்டு பேருக்கும் தொழில்.

அந்த நாட்டுக் காட்டுல சடைக்காடன்னு ஒரு மந்திரவாதி. காட்டுக்குள்ள வர்றவங்களைத் தன் சடையால மரத்தோட கட்டிப்போட்டுடுவான். இரும்பால ஒரு சடையை வெட்டினா ரெண்டா முளைக்கும். ராஜாவோட சேனை வாளை வீசி வீசிப் பார்த்து, காடு முழுக்க மயிரா மண்ட வச்சுட்டுத் திரும்பிப் போச்சு. கல்லுக்குத்தான் அந்தச் சடை அறும். அதுவும் ஒரே வீச்சுல அறணும். இழுத்து இழுத்து அறுத்தா கட்டு இன்னும் இறுகும்.

கல்லு தேடிப் போன வேலம்பன் ஒருநாள் அவன்கிட்ட மாட்டிக்கிட்டான். சடை முழங்காலைச் சுத்துச்சு. கழுத்தைச் சுத்திட்டா உயிர் போயிடும்.

சேதி கேட்டுக் கொன்றை காட்டோரம் ஓடி வந்தா. ஒரே வீச்சுல அறுக்கிற கூர் சுடாத பச்சைக் கல்லுல வராது. கல்லை மணல்ல புதைச்சு, மேலே தீ மூட்டிப் பதமாச் சுட்டாத்தான் அது சொன்னபடி உடையும். அவ ஆத்துல கிடந்த கல்லை எடுத்து, ஈரம் காயறதுக்குள்ள புதைச்சு மூட்டினா. டமார்னு வெடிச்சுச் சிதறுச்சு. சடை இடுப்புக்கு ஏறுச்சு.

காய்ஞ்ச கல்லாத் தேடிப் புதைச்சா. தீ அடங்கினதுமே மணலைக் கிளறிச் சூட்டோட எடுத்தா. காத்து பட்டுச்சோ இல்லையோ, கல் படபடன்னு விரிஞ்சு போச்சு. சடை மார்புக்கு ஏறுச்சு.

"ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலையே"ன்னு கொன்றை தலையில அடிச்சுக்கிட்டா. மறுபடி நல்லாக் காய்ஞ்ச கல்லைப் புதைச்சுத் தீ மூட்டினா. தீ அடங்குச்சு. மணல் ஆறட்டும்னு உட்கார்ந்துட்டா.

சடைக்காடன் சும்மா இருப்பானா? மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு ராஜா குரல்ல பேசினான். "பெண்ணே, கல்லை எடு. இது அரச கட்டளை."

"ஆறட்டும் மகாராஜா"ன்னா கொன்றை.

மாமியார் குரல்ல அழுதான். "என் பிள்ளையைச் சாகவிடாதடி மருமகளே, கல்லை எடு."

"ஆறட்டும் அத்தை."

கடைசியா வேலம்பன் குரலே வந்துச்சு. "கொன்றை, மூச்சு முட்டுது. சூடா இருந்தா என்ன, எடுத்துட்டு ஓடி வா."

பாவம், அவ கை தானா மணலுக்குப் போச்சு. போன கை அப்படியே நின்னுச்சு. கொன்றை சிரிச்சுட்டா.

"அட சடைக்காடா, என் புருஷன் கல்லுச் செதுக்குறவரு. கழுத்தே நெரிஞ்சாலும் சூட்டுக் கல்லை எடுன்னு அவர் வாய் சொல்லாது. நீ போய் வேற வேலை பாரு."

மணல் ஆறுச்சு. கல்லை எடுத்தா, எண்ணெய் தடவின மாதிரி செவசெவன்னு மினுங்குது. மான் கொம்பால விளிம்பை அழுத்த அழுத்த மெல்லிசு மெல்லிசாச் செதில் கழண்டுச்சு. கத்தியோட ஓடினா. சடை கழுத்தைத் தொட்டிருந்துச்சு. ஒரே வீச்சுத்தான். சடை அறுந்து விழுந்துச்சு.

அவ்வளவுதான், காட்டுல இருந்த சடை மொத்தமும் பொலபொலன்னு உதிர்ந்துச்சு. கட்டுண்ட சனமெல்லாம் விடுதலை. சடைக்காடன் மொட்டைத் தலையைத் தடவிக்கிட்டே ஓடிட்டான், மந்திரமும் போச்சு. ராஜா ஓடி வந்து வெண்பாறை மலையையே கொன்றைக்குக் கொடுத்தார்.

வேலம்பனுக்கு அப்பத்தான் மூச்சு திரும்புச்சு. மலையைப் பார்க்கல, ராஜாவைப் பார்க்கல. பொண்டாட்டி கையில இருந்த கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நல்லா ஆறவிட்டுத்தானே எடுத்தே?"ன்னு கேட்டான்.

அதுவரைக்கும் அழாத கொன்றை, "இது நிசமாவே எம் புருஷன்தான்"னு சொல்லி அவனைக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதுட்டா.